பட்டம் வாங்கிய பிறகு அந்தப் பிள்ளைக்கு யார் வழிகாட்டுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையின் மலையகப் பக்கத்தில் அண்மையில் ஒரு படம் வந்திருந்தது. தோட்டமொன்றில் பிறந்து, புற்றுநோய் ஆராய்ச்சியில் கலாநிதிப் பட்டம் வாங்கிய பெண்பிள்ளையைக் கோயில் வாசலில் நிறுத்தி மாலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் தாயும் தகப்பனும். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. செய்தியின் கடைசி வரியைப் படித்தபோதுதான் கை குறுகுறுத்தது: "இவர் தற்போது வெளிநாட்டில் மேற்படிப்பைத் தொடர்கிறார்." கலாநிதிப் பட்டத்துக்கு மேலே படித்து வாங்க வேறு பட்டம் கிடையாது. அந்தப் பிள்ளை இப்போது செய்வது போஸ்ட்டொக், அதாவது கலாநிதிப் பட்டத்துக்குப் பிந்திய ஆய்வுப் பயிற்சி. இதைப் பற்றி நம் பத்திரிகைகளில் அதிகம் எழுதப்படுவதில்லை, அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். வெட்ட வேண்டி வந்தால் என்னைப் பற்றிய பகுதியை வெட்டுங்கள்.

நான் விஞ்ஞானி அல்ல. வைத்தியசாலைத் திசு நோயியல் ஆய்வுகூடத்தில் தொழினுட்பவியலாளராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது ஹட்டனில் வசிக்கிறேன். சத்திரசிகிச்சையில் எடுத்த கட்டியோ, வாயிலிருந்து கிள்ளி எடுத்த பயொப்சியோ திசு கெடாமல் காக்கும் போமலின் திரவம் விட்ட போத்தலில் எங்களிடம் வரும். அதை மெழுகுக் கட்டியில், அதாவது புளொக்கில், பதித்து, மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் நாலு மைக்ரோன் தடிப்பில் சீவி, சாயம் போட்டு, நோயியல் டொக்டரின் மேசைக்கு அனுப்புவதுதான் வேலை. எனக்கு இதைப் பழக்கியவர் ஒரு சிங்களப் பெரியவர். புளொக்கை ஐஸின் மேல் எவ்வளவு நேரம் வைப்பது, சீவல் சுருண்டால் எந்தத் தூரத்திலிருந்து வாயால் ஊதிக் கொஞ்சம் ஈரச்சூடு கொடுப்பது, கத்தியின் சாய்வை எப்போது தொடுவது, எப்போது தொடாமல் விடுவது, வெந்நீர்த் தொட்டியில் மிதக்கும் மெழுகு நாடா சுருக்கம் விட்டு விரிந்ததும் சிலைட்டை எந்தப் பக்கத்தால் அடியில் விட்டுத் தூக்குவது, இவ்வளவும் என் தோளுக்குப் பின்னால் நின்று அவர் சொன்னவை. பாடக் குறிப்பில் இவை ஒரே வரியில் இருந்தன. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு யாரும் சீவல் எடுத்துவிட முடியாது.

எங்கள் ஆய்வுகூடத்துக்கு ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகளும் வருவார்கள். அவர்களில் ஒருத்தி மஸ்கெலியாப் பக்கம். பெயர் போடுவதை அவள் விரும்பமாட்டாள். வாய்ப்புற்றுநோயில் எந்த மரபணுக்கள் கூடுதலாக வேலை செய்கின்றன என்று பார்ப்பதற்கு, பழைய மெழுகு புளொக்குகளிலிருந்து, மரபணு வேலை செய்யும்போது உண்டாகும் ஆர்.என்.ஏயை எடுக்க வந்தாள். நாங்கள் சீவிக் கொடுத்தோம். அவளும் எடுத்துப் பார்த்தாள், திரும்பத் திரும்பப் பார்த்தாள். கிடைத்ததெல்லாம் துண்டு துண்டாய் உடைந்த ஆர்.என்.ஏ. கிட் வாங்கிய காசு கரைந்தது. டொலர் ஏறியிருந்த காலம் வேறு. "என் கையில்தான் பிழையா சேர்?" என்று கேட்டாள்.

அவள் கையில் ஒரு பிழையும் இல்லை. அதே புளொக்குகளின் பழைய சிலைட்டுகளை எடுத்துக் காட்டினேன். இரத்தம் தேங்கிய இடங்களில் பழுப்பு நிறத்தில் தூள் தூவினாற்போல் இருந்தது. போமலின் புளித்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். சீராக்கும் உப்புச் சேர்க்காத போமலினை வைத்திருந்தால் நாளடைவில் அமிலமாகும், அமிலம் டி.என்.ஏயையும் ஆர்.என்.ஏயையும் அறுத்துவிடும். தூரத்து வைத்தியசாலையில் வெள்ளிக்கிழமை பயொப்சி எடுப்பார்கள். திங்கட்கிழமை போயா விடுமுறை. வாகனம் செவ்வாயோ புதனோதான் வரும். அவ்வளவு நாளும் திசு அந்தத் தண்ணீரிலேயே கிடக்கும். சிலைட்டில் பார்த்துப் புற்றுநோயா இல்லையா என்று சொல்ல அது போதும், மரபணு ஆராய்ச்சிக்குப் போதாது. இதை முதல் கிழமையே அவளுக்கு ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். மேற்பார்வையாளர் கெட்டவர் இல்லை. விரிவுரை, பரீட்சைத் தாள், நோயாளர், கூட்டம் என்று ஓடிக்கொண்டிருந்தவர். அவருக்கு நேரம் இல்லை. வேறு யாருக்கும் அது கடமையாக இல்லை.

இது கலாநிதிப் பட்டக் காலத்துக் கதை என்று நீங்கள் சொல்லலாம். அவள் வேறு புளொக்குகளைத் தேடி எடுத்துப் பட்டத்தை முடித்தாள். முடித்த பிறகு வந்ததுதான் பெரிய வெறுமை. நம் பல்கலைக்கழகங்களின் ஏணியைப் பாருங்கள்: தகுதிகாண் விரிவுரையாளர், சிரேஷ்ட விரிவுரையாளர், பேராசிரியர். இடையில், "பட்டம் முடித்துவிட்டாய், இனி சில வருடம் ஒரு கெட்டிக்காரரின் பக்கத்தில் இருந்து சொந்தமாக ஆராய்ச்சி நடத்தப் பழகு" என்று சொல்கிற படி கிடையாது. விரிவுரையாளர் வெற்றிடம் வந்தால் உண்டு. வராவிட்டால், யாராவது மானியம் வைத்திருந்தால், ஆராய்ச்சி உதவியாளர். அவள் அமெரிக்கா போனாள்.

போஸ்ட்டொக் என்றால் என்ன என்று அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகமும் அங்குள்ள தேசிய விஞ்ஞான மன்றமும் 2007 இல் ஒரு வரைவிலக்கணம் கொடுத்தன. கலாநிதிப் பட்டம் பெற்றவர், குறித்த ஒரு காலத்துக்கு, வழிகாட்டி ஒருவரின் கீழ், சொந்தக் காலில் ஆராய்ச்சி செய்யும் திறமையை வளர்க்கப் பெறும் பயிற்சி என்பது அதன் சாரம். எழுத்தில் அழகாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் அந்த ஆய்வுகூடங்களில் இரண்டு வகையும் உண்டு என்பதை அவளிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

முதலில் சேர்ந்த இடம் பெரிய ஆய்வுகூடம். தலைவரைக் காண்பதே அபூர்வம். வேறு ஒருவர் பாதியில் விட்டுப்போன வேலையைத் தூக்கிக் கொடுத்தார்கள். முடிவு நன்றாக வந்தால் கட்டுரையில் முதல் பெயர் யாருடையது என்று கேட்கவே பயம். விசா அந்த வேலையோடு கட்டப்பட்டிருந்ததால் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். "லயத்துல கங்காணிக்குப் பயந்த மாதிரி சேர்" என்று வட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாவது இடம் சின்னது. சேர்ந்த அன்றே அந்தப் பேராசிரியை கேட்டாராம்: "இங்கிருந்து போகும்போது இந்த ஆராய்ச்சியில் எந்தப் பகுதியை உன்னோடு கொண்டுபோகப் போகிறாய்?" பதிலை இருவரும் எழுதிக் கையெழுத்திட்டார்கள். தனிநபர் வளர்ச்சித் திட்டம் என்று அங்கே அதற்குப் பெயர். வருடா வருடம் எடுத்துத் திருத்துவார்கள். கிழமைக்கு ஒரு மணித்தியாலம் அவளுக்கென்று ஒதுக்கியிருந்தார். அந்த மணித்தியாலத்தில் போன் எடுப்பதில்லை. சஞ்சிகைகள் மதிப்பீட்டுக்கு அனுப்பும் கட்டுரைகளை, சஞ்சிகையிடம் அனுமதி கேட்டு, இவளோடு உட்கார்ந்து படித்தார். எந்தப் படத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய கட்டுப்பாட்டுப் பரிசோதனை காணாமல் போயிருக்கிறது என்று இவளையே கண்டுபிடிக்க வைத்தார். பட்டதாரி மாணவன் ஒருவனை இவள் பொறுப்பில் விட்டு, இவள் அவனை எப்படி நடத்துகிறாள் என்பதையும் கவனித்து, தனியே கூப்பிட்டுச் சொன்னார். ஆராய்ச்சிப் பண விண்ணப்பத்தின் முதல் பிரதி சிவப்பு மையோடு திரும்பி வந்தது. இரண்டாவதும் அப்படியே.

இன்னொன்றும் அங்கே கட்டாயம். புற்றுநோய்க் கலங்களை வளர்க்கத் தொடங்கும் முன், அவை எந்தக் கலங்கள் என்பதை டி.என்.ஏ அடையாளப் பரிசோதனையால் உறுதி செய்ய வேண்டும். வெளியாருக்கு இது வீண் சடங்காகத் தோன்றும். எம்.டி.ஏ-எம்.பி-435 என்ற கல வரிசையை மார்பகப் புற்றுநோய் என்று நம்பி உலகம் முழுவதும் வருடக்கணக்காக ஆராய்ச்சி செய்தார்கள்; கடைசியில் பார்த்தால் அது மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் கலம். ஹீலா என்ற கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க் கலங்கள் மற்றக் கல வளர்ப்புகளுக்குள் புகுந்து அவற்றை அழித்துத் தாமே வளர்ந்த கதையும் பழையது. 2012 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் பெக்லியும் எலிஸும் எழுதினார்கள்: அம்ஜென் என்ற மருந்து நிறுவனத்தில், புற்றுநோய்த் துறையில் பேர்பெற்ற 53 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது 6 மட்டுமே உறுதிப்பட்டன. அந்தக் கட்டுரைகளை எழுதியவர்கள் எல்லோரும் பொய்யர்கள் என்று நான் நினைக்கவில்லை. "இன்னொரு தடவை செய், எந்த மாதிரி எது என்ற குறியீட்டை மறைத்துவிட்டுச் செய், உனக்குப் பிடிக்காத முடிவையும் எழுது" என்று பக்கத்தில் நின்று சொல்ல ஆளில்லாமல் அவசரப்பட்ட இளம் ஆய்வாளர் எத்தனை பேர் அதற்குள் இருந்திருப்பார்கள்! புற்றுநோயில் இந்த அவசரத்துக்குக் கூலி கொடுப்பவர் நோயாளி. பிழையான ஆய்வை நம்பி ஒரு மருந்தைச் சோதிக்கும்போது அது ஏறுவது அவர் உடம்பில்.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன், ஊரில் எல்லோரும் முதலில் கேட்பது அதுதானே. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகம் 2024 இல் புதிய போஸ்ட்டொக் ஒருவருக்கு வைத்த வருடாந்தப் படி 61,008 டொலர். அவளுடைய சித்தப்பா அதை முந்நூறால் பெருக்கி, ஒரு கோடியே எண்பது இலட்சம் ரூபா என்று டீக்கடையில் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குக் கடன் கேட்டு வராத சொந்தம் இல்லை. அந்த ஊர் வாடகை, வரி, காப்புறுதி எல்லாம் கழித்துப் பெருக்கத் தெரிந்தவர் டீக்கடையில் யாரும் இல்லை. "படிப்பு இன்னும் முடியலியா?" என்று ஒரு பக்கம், "கலியாணம் எப்போ?" என்று மறு பக்கம். நீங்கள் அந்தக் கடைசி வரியைச் சரியாகப் போட்டிருந்தால் அந்தப் படத்திலிருந்த தாய்க்காவது இப்படிக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

சரி, இதில் நமக்கு என்ன? மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் மருந்துத் தட்டுப்பாடு என்று செய்தி வரும் நாட்டில் ஆராய்ச்சிப் பயிற்சிக்குக் காசா என்று வாசகர் கேட்பார். மருந்து முதலில் வர வேண்டும், அதில் எனக்கு வாதமில்லை. ஆனால் நம் நாட்டு ஆண்களிடையே முன்னிலையில் இருப்பது வாய்ப்புற்றுநோய். தோட்டத்தில் பெண்களும் வெற்றிலை போடுவார்கள். மழையில் நனைந்து கொழுந்து எடுக்கும்போது குளிருக்கும் பசிக்கும் அதுதான். சிலர் கன்னத்தில் அடக்கிக்கொண்டே தூங்கிவிடுவார்கள். புகையிலை சேர்க்காத வெற்றிலைக் கூட்டும், ஏன், பாக்கு மட்டுமே கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று பிரான்ஸின் லியோனில் உள்ள சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லியாயிற்று. புற்றுநோய்க்கு முன்பே பாக்கு கன்னத்தின் உட்தோலை நாராக்கி இறுக்கும். காரம் பட்டால் எரியும். பிறகு வாய் திறக்காது. மூன்று விரல் நுழைய வேண்டிய இடத்தில் ஒரு விரலை நுழைக்கப் பாடுபடும் அம்மாமார் பேராதனைப் பல் வைத்தியசாலை வாங்கில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த நாரைப் பழையபடி இளக்கிவிடும் நிச்சயமான மருந்து இன்னும் இல்லை. பாக்கு மெல்லாத நாட்டுக் கம்பனிக்கு அதைத் தேட என்ன அவசரம்?

பேராதனைக்கு இதில் பெயரும் உண்டு. கிராமத்து ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களே வாய்க்குள் பார்த்துப் புற்றுநோயையும் அதற்கு முந்திய நிலைகளையும் கண்டுபிடிக்கலாம் என்று இலங்கையில் செய்து காட்டிய ஆய்வு 1984 இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளியானது. அதில் முன்நின்ற சமன் வர்ணகுலசூரிய பிறகு லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியராகி, இத்துறையில் உலகம் அறிந்தவரானார். நோயாளி இங்கே, புளொக் இங்கே, கேள்வி இங்கே. கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பஸ் இறங்கிப் போனால் பேராதனை. கேள்விக்கு விடை தேடப் பழகிய பிள்ளை மட்டும் அமெரிக்காவில். அவள் இங்கே இருந்தால் இன்னொன்றும் நடக்கும்: படிவத்தை வைத்துக்கொண்டு கேட்கும் ஆளிடம் "வெத்தல எப்பயாச்சும்தான் போடுவேன்" என்று சொல்கிற அம்மா, இவளிடம் எந்தக் கன்னத்தில், எத்தனை வயசிலிருந்து, யார் பழக்கியது என்பது வரை சொல்லிவிடுவார்.

ஆகவே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் நம் தேசிய விஞ்ஞான மன்றமும் சேர்ந்து, பேராதனையையும் கண்டி, பதுளை வைத்தியசாலைப் புற்றுநோய்ப் பிரிவுகளையும் இணைத்து, மூன்று வருடப் போஸ்ட்டொக் இடங்கள் ஒரு சிலவற்றையாவது தொடங்கட்டும். பத்து வேண்டாம், நான்கு போதும். இடத்தைத் தொடங்குவது சுலபமான பாதி. வழிகாட்டியை அவருடைய கடமைக்குக் கட்டுப்படுத்துவதுதான் கஷ்டமான பாதி, நான் இந்தக் கடிதத்தை எழுதுவதும் அதற்காகவே. அமெரிக்காவில் கே99 என்றொரு உதவித்தொகை உண்டு. இரண்டு வருடம் வரை வழிகாட்டியின் கீழ், பிறகு மூன்று வருடம் வரை சொந்த ஆய்வுகூடத்துக்கு. அந்நாட்டுப் பிரஜை அல்லாதவரும் விண்ணப்பிக்கலாம். எனக்கு அதில் பிடித்தது, பிள்ளையின் விண்ணப்பத்தை மதிப்பிடும்போது வழிகாட்டியையும் அவர் தரப்போகும் பயிற்சியையும் சேர்த்து எடைபோடுவது. நம் ஊரில் மாணவனுக்கு மட்டும்தான் மார்க்ஸ்.

இங்கே வழிகாட்டி ஒருவர் போதாது, இருவர் வேண்டும். ஒருவர் ஆய்வுகூட விஞ்ஞானி, மற்றவர் நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் டொக்டர். இருவரும் ஒரே துறைத்தலைவரின் கீழ் இருக்கக் கூடாது. ஒருவரிடம் மனஸ்தாபம் வந்தால் மற்றவரிடம் போய்ப் பேச வழி வேண்டுமல்லவா? வழிகாட்டிக்கு விரிவுரை மணித்தியாலத்தைக் குறைத்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் காகிதத்தில்தான் இருக்கும். எந்தப் பகுதி பிள்ளைக்குச் சொந்தம் என்பதை முதல் மாதமே எழுதி வையுங்கள். கட்டுரையில் பெயர் வரிசையையும் வேலை தொடங்கும்போதே பேசிவிடுங்கள். முடிவு வந்த பிறகு பேசினால் சண்டைதான். மூன்றாம் வருடம் ஒரு சிறு தொகையை அவள் பெயரிலேயே கொடுத்து, அவளே கணக்குக் காட்டட்டும். லியோன் முகவரகம் 1966 இலிருந்து பல நாட்டு இளம் ஆய்வாளர்களுக்குப் புலமைப்பரிசில் கொடுத்து வருகிறது. இடையில் ஓர் ஆறு மாதம் அப்படியான இடத்துக்கு அனுப்பினாலும் நல்லது, திரும்பி வர இங்கே நாற்காலி இருக்கும் என்ற உறுதியோடு.

இந்த நாட்டின் கஷ்டத்தோடு ஆராய்ச்சி செய்யச் சொல்லிக்கொடுப்பதும் அந்தப் பயிற்சியில் சேர வேண்டும். 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு வந்தது. மைனஸ் எண்பது பாகைக் குளிரூட்டியில் சேர்த்து வைத்த மாதிரிகளை எப்படிக் காப்பாற்றுவது, எதை முதலில் ஐஸுக்கு மாற்றுவது, டீசலுக்கு யாரிடம் போய் நிற்பது என்பதை பொஸ்டனில் இருக்கும் எந்தப் பேராசிரியரும் சொல்லித்தரப் போவதில்லை. மாதங்கள் கழித்து வரும் அன்டிபொடி என்ற பரிசோதனைப் பொருளை நம்பி வேலையைத் திட்டமிடுவதும் அப்படித்தான்.

காசு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் இருக்கிறது. பயொப்சி அனுப்பும் படிவத்தில், திசு போமலினில் போட்ட திகதியும் நேரமும் எழுத ஒரு கோடு அச்சடித்து, அதை நிரப்பாமல் அனுப்பும் போத்தலைப் பற்றித் தொலைபேசியில் கேளுங்கள். அடுத்த பிள்ளைக்கு எந்தப் புளொக்கைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று அன்றே தெரிந்துவிடும்.

கண்டிப் பக்கத்தில் மைக்ரோடோம் இருக்கும் எந்த ஆய்வுகூடமாவது இடம் கொடுத்தால், ஆராய்ச்சிப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் சீவல் எடுக்கப் பழக்க நான் தயார். சம்பளம் வேண்டாம், பஸ் காசும் வேண்டாம். கண்ணாடி மாற்றியிருக்கிறேன், கை இன்னும் நடுங்கவில்லை. என் தொலைபேசி இலக்கத்தைக் கடித உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். கேட்பவர்களுக்குக் கொடுங்கள், பத்திரிகையில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர்,
ஹட்டன்.